பள்ளிக்கூட வாசலுக்கு எவ்வளவு தூரம்

இந்த ஊரில் வீட்டுத் தரகர் கடைகளுக்கு முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. உள்ளே விற்பனைக்கு இருக்கும் வீடுகளின் படங்களை வரிசையாக ஒட்டி வைத்திருப்பார்கள். காலைப் பணிக்குப் பேருந்துக்காகக் காத்து நிற்கும்போது அவற்றைப் படிப்பது என் வழக்கம். வாங்கும் உத்தேசமெல்லாம் கிடையாது, நகைக்கடை வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பது போலத்தான். வந்த புதிதில் எனக்கு ஒன்று புரியவில்லை. நம் ஊரில் வீடு விற்கிறவர் என்ன சொல்வார்? கிணற்றில் நல்ல தண்ணீர், பஸ் ஸ்டாப் பக்கம், பட்டாவில் வில்லங்கம் இல்லை என்பார். இங்கே படுக்கையறை எத்தனை என்று சொல்வதற்கு முன்பே ஒரு பள்ளிக்கூடத்தின் பெயரைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். வீட்டை விற்கிறார்களா பள்ளிக்கூடத்தை விற்கிறார்களா என்று கணவரிடம் கேட்டுச் சிரித்தேன். இரண்டையும் சேர்த்துத்தான் விற்கிறார்கள் என்று தெரியவந்தபோது எங்கள் மகள் அனிஷாவுக்குப் பத்து வயது முடிந்திருந்தது.

நான் இங்கிலாந்தின் வடக்கே ஒரு நடுத்தர நகரத்தில் நர்ஸாக இருக்கிறேன். பிறந்தது குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊரில். எங்கள் பக்கத்துப் பெண்கள் நர்ஸாக வெளிநாடு போவது புதிதல்ல, அதனால் என் பயணத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் குடியிருக்கும் மாடிக் கட்டடம் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம். பாதைக்கு அந்தப் பக்கம் மேடு, மரங்கள், தோட்டம் வைத்த வீடுகள், அவற்றுக்கு நடுவில் அந்தப் பள்ளிக்கூடம். பதினோரு வயதில் பிள்ளைகள் பெரிய பள்ளிக்கு மாற வேண்டும். அரசுப் பள்ளிதான், கட்டணம் இல்லை, யாரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் இடத்தைவிட ஆட்கள் அதிகம் என்றால், யார் வீட்டு வாசல் பள்ளி வாசலுக்குப் பக்கமோ அவர்களுக்குத்தான் முதலில். மதிப்பெண் கேட்பதில்லை, சாதி கேட்பதில்லை, அப்பன் யார் என்று கேட்பதில்லை. கேட்கும்போது எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். அந்த வாசலுக்குப் பக்கத்தில் வீட்டு வாடகை என்ன என்று விசாரித்த பிறகுதான் நியாயத்தின் விலை தெரிந்தது.

பிள்ளைகள் பள்ளியைப் பார்க்க ஒரு நாள் திறந்துவிடுவார்கள். அன்று அனிஷாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆய்வுக்கூடத்தில் ஓர் ஆசிரியை ஆட்டின் இதயத்தை வெட்டி வைத்து, ரத்தம் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்று காட்டிக்கொண்டிருந்தார். மற்ற பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள். இவள் கையுறை வாங்கி மாட்டிக்கொண்டு அதை எடுத்துப் பார்த்தாள். பேருந்தில் திரும்பும்போது வால்வு வால்வு என்று அதே பேச்சு. எனக்கு இந்த ஸ்கூல்தான் வேணும் என்று சொல்லிவிட்டாள். எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்திலிருக்கும் பள்ளியை எனக்குத் தெரியும். என்னுடன் வேலை செய்யும் பெண்ணின் மகன் அங்கே படிக்கிறான். அறிவியலுக்கு நிலையான ஆசிரியர் இல்லை, வருகிறவர்கள் ஒரு வருடம்கூடத் தங்குவதில்லை, மாற்று ஆள் வந்து படம் போட்டுக் காட்டிவிட்டுப் போகிறார் என்று அவள் அழுதிருக்கிறாள்.

கூட வேலை செய்யும் கோட்டயத்துக்காரி ஒருத்தி எனக்கு நல்ல புத்தி சொன்னாள். எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் சேச்சி, யாரையும் போய்ப் பார்க்க வேண்டாம், வீட்டை மாற்ற முடியுமானால் மாற்று, இல்லையென்றால் பேசாமலிரு என்றாள். நான் தலையாட்டினேன். ஆனால் உள்ளுக்குள் நம்பவில்லை. கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஓர் ஆள் இல்லாமலா இருப்பான்? ஊர்த் தலைவரைப் பார்க்காமல் ஒரு பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைக்கும் என்பதை என்னைப் போன்ற ஒருத்தியால் எப்படி நம்ப முடியும்?

சுனாமி வந்து போன பிறகு எங்கள் ஊர் பல மாதம் தார் ஷீட் கொட்டகையில் கிடந்தது. எங்கள் வீடு இருந்த இடத்தில் அடித்தளம்கூட மிஞ்சவில்லை. மதியத்தில் அந்தக் கொட்டகைக்குள் இருந்தால் தலைமயிர் பொசுங்குவது போலிருக்கும். என் அக்கா ரீத்தா அதற்குள் உட்கார்ந்து படித்துத்தான் பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தாள். அவளுக்கு டாக்டராகும் ஆசையெல்லாம் கிடையாது, கணக்கு டீச்சராக வேண்டும், அவ்வளவுதான். பிளஸ் ஒன் ஊர்ப் பள்ளியிலேயே இருந்தது. ஊர்ப் பள்ளி என்றால் கத்தோலிக்கக் கோயில் பள்ளி, கோயில் பள்ளி என்றால் ஊர்க் கமிட்டி. கடற்கரை ஊர்களை அறியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். எங்களுக்குப் பஞ்சாயத்து, தாலுகா ஆபீஸ், சட்டசபை எல்லாம் அப்புறம். மீன் ஏலம், கல்யாணத்தைக் கோயிலில் அறிவித்து ஓலை வாசிப்பது, கல்லறையில் குழி, பள்ளியில் இடம் எல்லாம் கமிட்டி கையில். கோயிலுக்குப் பங்குச்சாமியார்கள் மாற்றலாகி வருவார்கள், போவார்கள். கமிட்டி இருக்கும்.

அந்தச் சமயம் ஊருக்குக் கிழக்கே புதிய வீடுகள் கட்டி முடித்து, யார் யாருக்கு என்று கமிட்டி முடிவு செய்தது. வீடே போகாதவர்கள் சிலருக்கு முதல் வரிசையில் வீடு வந்தது. எங்களுக்கு வரவில்லை. கமிட்டித் தலைவர் கெட்டவர் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. அலை வடிந்த அன்று பிணங்களைத் தோளில் சுமந்தவர் அவர். ஊருக்குக் குடிதண்ணீர் குழாய் வந்ததும் அவரால்தான். ஆனால் தன் அண்ணன் தம்பி மச்சான் என்று வரும்போது அவர் கை தானாக அந்தப் பக்கம் நீண்டது. என் அப்பாவின் பெயர் சிலுவை, வாய் திறக்காத மனிதர், கட்டுமரத்திலும் பிறகு வள்ளத்திலும் பிழைத்தவர். அவர் என்ன நினைத்தாரோ, ஒருநாள் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு தக்கலைக்குப் பஸ் ஏறி, தாலுகா ஆபீஸில் ஒரு மனு கொடுத்துவிட்டு வந்தார். யார் சொன்னார்களோ, அவர் திரும்பிப் பஸ் இறங்குமுன் செய்தி ஊருக்கு வந்துவிட்டது.

வீடு கேட்டது குற்றமில்லை. ஊர்க்காரியத்தை வெளியே கொண்டுபோனதுதான் குற்றம். கோயில் மைக்கில் அறிவித்தார்கள். சிலுவை குடும்பம் ஊர் விலக்கு. அதன் பிறகு அப்பா கொண்டுவந்த மீனை யாரும் ஏலம் கூறவில்லை. கடையில் எங்களுக்குச் சீனி கொடுக்கவில்லை. அம்மா தலைச்சுமையாக மீன் கொண்டு வேறு ஊர்ச் சந்தைக்கு நடந்தாள். என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவள் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொள்வாள், அவள் வீட்டில் அபராதம் கட்ட வேண்டியிருக்கும் என்பதால். அக்காவைப் பிளஸ் ஒன்னில் சேர்க்க அம்மா சாமியாரிடம் போனாள், நானும் கூடப் போனேன். அவர் நல்ல மனிதர்தான். எங்கள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். “நான் என்னம்மா செய்ய? பிள்ளை நல்லா படிக்கிற பிள்ளை, எனக்குத் தெரியும். அப்பாவை முதல்ல ஊரோட சமாதானமாகச் சொல்லுங்க” என்றார். அப்பா சமாதானமாகவில்லை. அரசுப் பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், வீட்டில் அடுப்பே ஒருநாள் விட்டு ஒருநாள்தான் எரிந்தது. ஆடி முடிவதற்குள் அக்கா குஜராத்தில் இறால் கம்பெனிக்குப் போகும் பெண்கள் கூட்டத்தோடு ரயில் ஏறிவிட்டாள்.

ஐஸ் தண்ணீருக்குள் கையை விட்டு இறால் தோல் உரிக்கிற வேலை. முதல் விடுமுறைக்கு அவள் வந்தபோது விரல் நுனிகள் வெந்து உரிந்து, பேனாவைப் பிடிக்க முடியாமல் இருந்தன. நான் பத்தாம் வகுப்பு எழுதவிருந்த வருடம் ஊர் விலக்கு இன்னும் நீங்கவில்லை. அக்கா அங்கிருந்து பக்கத்து வீட்டு போனில் அப்பாவைக் கூப்பிட்டாள். விலக்கு காரணமாக அவர்களும் நேரே கொடுக்காமல், போனை வேலி மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். அப்பா காதை ஒட்டி நானும் நின்றேன்.

“எனக்கு உள்ளது போச்சு அப்பா. அவளுக்கும் போவாண்டாம். போய்க் கேளும்.”

“என்னத்தைக் கேக்க? நான் என்ன தெற்று செய்தேன்?”

“ஒண்ணும் செய்யல்ல. இருந்தாலும் கேளும்.”

அடுத்த ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் நாற்காலி போட்டுக் கமிட்டி உட்கார்ந்திருந்தது. அப்பா முழங்காலில் முட்டுக்குத்தி நின்று மைக்கில் மன்னிப்புக் கேட்டார். ஊர் முழுக்கக் கேட்டது. தலைவர் எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டார். “எழும்பு சிலுவ. ஊருக்கு மேல ஒருத்தனும் இல்ல கேட்டியா” என்றார் பிரியமாகவே. எனக்குப் பிளஸ் ஒன்னில் இடம் கிடைத்தது. எங்களுக்கு வீடும் கிடைத்தது, கடைசி வரிசையில், மழைத் தண்ணீர் கட்டி நிற்கிற இடத்தில். அதன் பிறகு நர்ஸிங், பெங்களூர், கல்யாணம், இந்த நாடு. நான் ஏறிய படி ஒவ்வொன்றிலும் அக்காவின் விரல்களும் அப்பாவின் முட்டும் இருக்கின்றன. அக்கா மீண்டும் படிக்கவில்லை.

இப்படி வளர்ந்தவளிடம் போய், யாரையும் பார்க்க வேண்டாம் என்றால்? இந்தப் பகுதிக்கு ஒரு கவுன்சிலர் அம்மாள் இருக்கிறார். ரயில் பாதைக்கு இரண்டு பக்கமும் அவருடைய வார்டுதான். மாதத்தில் ஒரு சனிக்கிழமை நூலகத்தில் உட்கார்ந்து ஜனங்களின் குறைகளைக் கேட்பார். நானும் கணவரும் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு உடுத்தும் துணிமணியை உடுத்திக்கொண்டு போனோம். வெறுங்கையோடு எப்படிப் போவது? முந்தின நாள் பயறு வறுத்துப் பொடித்து, சர்க்கரைப் பாகில் உருட்டி, மாவில் முக்கிப் பொரித்து முந்திரிக்கொத்து செய்திருந்தேன். கிறிஸ்மஸுக்குச் செய்கிற அதே பக்குவம். புது டப்பா வாங்கி அதில் அடுக்கினேன்.

அவர் எழுந்து கைகுலுக்கி உட்காரச் சொன்னார். நாங்கள் உட்காரவில்லை. எங்கள் வழக்கத்தில் கேட்கப் போனவர்கள் நின்றுதான் கேட்பார்கள். நாங்கள் நிற்கவே அவரும் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார், பாவம், வயதான கால்கள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சேர்க்கையில் தான் தலையிட முடியாது, தலையிடவும் கூடாது, விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றார். இதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் முடியாது என்பார்கள், நாம் இன்னும் ஒருமுறை கெஞ்ச வேண்டும், அதற்கு இதுதான் தருணம் என்று நினைத்து டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் முகம் மாறிவிட்டது. சூடான பாத்திரத்தைத் தொட்டவர் போலக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“இதை நான் வாங்க முடியாது. தயவுசெய்து எடுத்துக்கொள்ளுங்கள்” என்று ஆங்கிலத்தில் மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். பின்னால் காத்திருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். வீட்டில் செய்த தின்பண்டம்தான், விலை கொடுத்து வாங்கியது இல்லை என்று நான் விளக்கினேன். விளக்க விளக்க அது இன்னும் லஞ்சம் போலாகியது. என் கணவர் டப்பாவை எடுத்துப் பைக்குள் வைத்தார். அவர் காது சிவந்திருந்தது. எனக்கு அவமானத்தைவிடக் குழப்பம்தான் அதிகம். இவ்வளவு நேர்மையான தலைவரை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்க்கிறேன், அவரைக் கண்டு சந்தோஷப்படுவதா அழுவதா?

வெளியே வரும்போது மேசையில் கிடந்த அவருடைய துண்டறிக்கை ஒன்றை எடுத்து வந்தேன். சும்மா வந்தோம் என்று இருக்க வேண்டாமே என்றுதான். பேருந்தில் படித்தேன். அவர் படம், நல்ல சிரிப்பு. கீழே அந்த ஆண்டு அவர் செய்து முடித்த காரியங்கள். பூங்காவுக்குப் பெஞ்சு, தெருவிளக்கு. மூன்றாவதாக, அந்தப் பள்ளிக்கு எதிரே காலியாகக் கிடக்கும் நிலத்தில் குறைந்த வாடகை வீடுகள் கட்டும் திட்டத்தை மக்களோடு சேர்ந்து நிறுத்தியதாகவும், இப்பகுதியின் அமைதியையும் பள்ளியில் இப்பகுதிப் பிள்ளைகளின் இடத்தையும் காப்பாற்றியதாகவும் எழுதியிருந்தது. இரண்டு முறை படித்தேன். யாரிடமிருந்து காப்பாற்றினாராம்? முந்திரிக்கொத்து வாங்கக் கூசிய அதே கைதான் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறது. அதில் அவருக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை, ஏனென்றால் அது விதிப்படி நடந்தது.

எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. ஊரில் எங்களை மறித்தவரின் முகம் தெரியும். அம்மா அவர் வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றியிருக்கிறாள், அதில் அவளுக்கு அன்றைக்குச் சோறாவது இறங்கியது. இங்கே யார் வாசலில் நிற்பேன்? எல்லோரும் நல்லவர்கள், பஸ்ஸில் ஏறும்போது முதலில் நீங்கள் என்று வழிவிடுகிறவர்கள். யாரும் யாரையும் முட்டுக்குத்தச் சொல்லவில்லை. என் அப்பா போல ஒருவர் முட்டுக்குத்தத் தயாராக இருந்தாலும், அதை ஏற்று இடம் கொடுக்க ஓர் ஆள் இல்லை. புலம்பெயர்ந்த நண்பர்கள் சிலர் இதைப் படித்துவிட்டு, இங்கே வந்தும் குறையா என்பார்கள். ஊர் முறை மேல் என்று நான் சொல்ல வரவில்லை, என் அக்காவின் விரலைப் பார்த்தவள் அப்படிச் சொல்ல மாட்டேன். தப்பி வந்துவிட்டோம் என்று நினைத்திருந்தேன், அந்த நினைப்புதான் போயிற்று.

மார்ச் முதல் நாள் முடிவு மின்னஞ்சலில் வந்தது. எங்கள் பக்கத்துப் பள்ளி. மேட்டுப் பள்ளிக்குக் காத்திருப்போர் வரிசையில் அனிஷாவின் பெயர் இருந்தது. வரிசை என்றால் முன்னால் இருப்பவர் போனால் நாம் முன்னே போவோம் என்றுதானே நினைப்போம்? இந்த வரிசையில் யாராவது பள்ளிக்குப் பக்கத்தில் புதிதாகக் குடிவந்தால் அவர்கள் நமக்கு முன்னால் போய்விடுவார்கள். கோடை முழுக்க விசாரித்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறையும் அவள் இன்னும் கொஞ்சம் பின்னால் போயிருந்தாள். அனிஷா அழவில்லை. அங்கேயும் ஆட்டு இதயம் காட்டுவார்களா என்று மட்டும் கேட்டாள். காட்டுவார்கள் என்று சொன்னேன்.

அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். அவள் இப்போது அதே கடைசி வரிசை வீட்டில் அப்பாவோடு இருக்கிறாள். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள், அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது. பேத்திக்கு இங்கிலாந்தில் நல்ல பள்ளியில் இடம் கேட்டிருக்கிறோம் என்பது மட்டும் அவருக்குத் தெரியும், பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“அங்கயும் இப்பிடித்தானா ஏட்டி?” என்றாள் அக்கா, நான் சொல்லி முடித்ததும். பிறகு, “அப்பாட்ட நீ ஒண்ணும் பேசாண்டாம். நான் பக்குவமா சொல்லிக்கிடுகேன்.”

பள்ளி திறக்க இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை. எங்களுக்கு மதியம், ஊரில் மாலை நவநாள் பூசை. இப்போதெல்லாம் அதை யூடியூபில் நேரலையாகக் காட்டுகிறார்கள். வெளிநாட்டிலிருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் பாதிப்பேர் பார்ப்பார்கள், அதில் கையைக் கூப்பிய படங்களும் ஆமென்களும் ஓடிக்கொண்டிருக்கும். நான் போனைச் சமையலறை மேசையில் சாய்த்து வைத்திருந்தேன். பக்கத்துப் பள்ளியின் புதுச் சீருடைக் கோட்டின் கை அனிஷாவுக்கு நீளம். அவளை நாற்காலியில் ஏற்றி நிறுத்திவிட்டு, குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு மடித்துக்கொண்டிருந்தேன். யார் யாருக்காக இந்தப் பூசை என்று பூசைக் கருத்துகளை வாசிக்கும் நேரம் வந்தது. முதலில் இறந்தவர்கள், அடுத்து நோயாளிகள், கடைசியில் நன்றிகள். அக்கா அப்பாவிடம் என்ன பக்குவமாகச் சொல்லியிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“சிலுவையின் பேத்தி அனிஷாவுக்கு இங்கிலாந்து நாட்டில் விரும்பிய பள்ளியில் இடம் கிடைத்ததற்கு நன்றியாக, தாத்தா ஒப்புக்கொடுக்கும் பூசை” என்று சாமியார் வாசித்தார். ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். முதல் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பாவின் பிடரி தெரிந்தது. திரையில் வாழ்த்துகள் ஓடின. குவைத்திலிருந்து ஒருவர், மஸ்கட்டிலிருந்து ஒருவர், என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவளும் எங்கிருந்தோ ஆங்கில எழுத்தில் அனிஷாவின் பெயரைப் போட்டு வாழ்த்தியிருந்தாள்.

அனிஷா குனிந்து திரையைப் படித்தாள். “அம்மா, இவங்க எந்த ஸ்கூலைச் சொல்றாங்க?” என்றாள்.

வாயில் குண்டூசி இருந்தது. நான் அவளுடைய இன்னொரு கையைப் பிடித்து மடிக்கத் தொடங்கினேன்.